எட்டு என்று எழுதாதவர்

அந்த ஆபீசில் எல்லோரும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை பார்த்தார்கள். காலையில் ஒன்பது மணிக்கு வருவார்கள், சாயங்காலம் போய் இருட்டின பிறகு எட்டு மணிக்கு மேல் கிளம்புவார்கள், ஆனாலும் எட்டு மணி நேரம்தான். இது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், எட்டோடு எனக்குக் கொஞ்சம் நெருக்கமான பழக்கம் உண்டு. அப்படியும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் திறந்து திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு, புதன் எட்டு என்று அடித்துவிட்டுச் சோம்பல் முறிப்பார்கள். டைம்ஷீட் என்று அதற்குப் பெயர். ஆளுக்கு எட்டு மணி நேரம் என்று சொல்லித்தான் வெளிநாட்டுக்காரனிடம் வேலையைப் பிடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் எழுதினால் ஏன் என்று மேலேயிருந்து கேள்வி வரும். கேள்விக்கு மேனேஜர் பதில் சொல்ல வேண்டும். அதனால் எட்டு.

அந்த அக்கா மட்டும் எட்டு என்று எழுத மாட்டார். பதினொரு மணி பத்து நிமிடம் என்று எழுதுவார். பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று எழுதுவார். தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிய ஒரு நாளைக்கு ஏழு மணி நாற்பது நிமிடம் என்று எழுதி, அதற்கும் திட்டு வாங்கினார். திங்கள்கிழமை காலையில் மேனேஜர் அதைத் திருப்பி அனுப்புவார். அக்கா அதே எண்களை மறுபடி அடித்து அனுப்புவார். மறுபடி வரும், மறுபடி போகும். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் மேனேஜர் களைத்துப்போய் விட்டுவிடுவார். வாராவாரம் இது நடந்தது, தீபாராதனை மாதிரி.

நான் நாலாவது மாடியில் பான்ட்ரியில் இருந்தேன். கழக்கூட்டம் பக்கத்து ஐ.டி. பார்க்கில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். என் வேலை டீ மிஷினில் பால் பவுடர் நிரப்புவது, கப்பு அடுக்குவது, மீட்டிங் அறைக்குத் தட்டு கொண்டுபோவது. கழுத்தில் தொங்கிய கார்டில் ‘பான்ட்ரி அசோசியேட்’ என்று போட்டிருந்தது. வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மச்சான் அதைப் பார்த்துவிட்டு என்ன பதவி என்று கேட்டான். மேனேஜருக்குக் கொஞ்சம் கீழே என்றேன். பொய் இல்லை, அவர் ஐந்தாவது மாடி.

அக்காவுக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். டெஸ்டிங் செக்ஷன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. இதற்கெல்லாம் மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். பாவம், இத்தனை வருஷமாக ஓசியில் செய்துகொண்டிருக்கிறாள்.

அக்காவுக்கு வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. மற்றவர்களிடம் மலையாளத்தில் பேசுவார், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷில் முணுமுணுப்பார், என்னிடம் மட்டும் தமிழ். அதுவும் அந்தத் தெருத் தமிழ். முதல் நாள் என்னைப் பார்த்து, “சாப்டேளா?” என்று கேட்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து என்னை ஏல என்றும் வால என்றும் கூப்பிட்டே பழகின ஜனம் எங்கள் ஜனம். இந்த ஊருக்கு வந்த பிறகு சூப்பர்வைசருக்கு நான் பாண்டி, தமிழ் பேசுகிறவனை இங்கே இளக்காரமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாப்டேளா என்பது யாரோ பெரிய மனிதரிடம் கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்லாமல் நின்றதைப் பார்த்து, எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கையால் சாப்பிடுகிற மாதிரி காட்டினார். அப்புறம் ஒரு வாரம் என்னிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை, கேட்க நன்றாக இருந்தது.

‘அஞ்சு நிமிஷம்’ என்று அவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது. மிஷினில் பால் தீர்ந்துபோய், அஞ்சு நிமிஷத்தில் டீ ரெடியாகும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே நின்றார். டீயைக் கையில் வாங்கும்போது, “ஒம்போது ஆச்சு” என்றார். கோபமாக இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. அடுத்த நாளிலிருந்து நான் பத்து என்று சொல்லிவிட்டு ஏழில் கொடுக்க ஆரம்பித்தேன். அதற்கும், “அப்போ ஏழுன்னே சொல்லியிருக்கலாமே” என்றார்.

பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். வந்த நேரம், போன நேரம், நடுவில் எழுந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். அதிக நேரம் வேலை பார்த்ததாகக் காட்டத்தான் இந்த எழுத்தெல்லாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள். பான்ட்ரியில் கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், அவன் முகத்தில் க்ரீமைப் பூசினார்கள். தரையைத் துடைத்தவன் நான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. அக்கா ஒரு சின்னத் துண்டை வாங்கித் தின்றுவிட்டு நோட்டை எடுத்தார். கேக், பதினாலு நிமிடம். அதை அன்றைய வேலை நேரத்திலிருந்து கழித்துவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. அவர் கூட்டி எழுதினால் பைத்தியம் என்று விட்டிருப்பார்கள். கழித்தும் எழுதினால் என்ன செய்வது? அவருக்குக் கேக் பதினாலு நிமிடம் என்றால் மற்றவர்களுக்கும் பதினாலு நிமிடம்தானே. ஓணத்துக்கு ஆபீசே பட்டுச்சேலையும் முண்டுமாக வந்து பூக்களம் போட்டது, கயிறு இழுத்தது, இலை போட்டுச் சாப்பிட்டது. அக்கா எல்லாவற்றிலும் இருந்தார். கயிறு இழுத்ததில் கை சிவந்துபோய் என்னிடம் ஐஸ் கேட்டு வாங்கினார். சாயங்காலம் நோட்டில், ஓணம் மூன்று மணி ஐந்து நிமிடம் என்று எழுதினார். ஒரு பெண் அதை எட்டிப் பார்த்துவிட்டது. “சேச்சி, மாவேலியையும் விட்டுவெக்கலையா?” என்று, ஓணத்துக்கு வருகிற ராஜாவைச் சொல்லி மலையாளத்தில் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

யாரும் போ என்று சொல்லவில்லை. ஆறு பேர் மேஜைக்கு ஆறு பேர் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். அக்கா டப்பாவோடு வந்து நிற்பார், பார்ப்பார், மிஷினில் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்று மணிக்கு மேல் வர ஆரம்பித்தார். அப்போது பான்ட்ரி காலியாக இருக்கும். சன்னல் பக்கத்து மேஜையில் தனியாக உட்கார்ந்து, மோர் சாதமோ எலுமிச்சை சாதமோ, மெதுவாகச் சாப்பிடுவார். நான் கப்பு அடுக்கிக்கொண்டே எதையாவது உளறுவேன். என்னுடைய எட்டாம் வகுப்புக் கதை, மாமியார் கதை, ஊர்க் கோயில் கொடையில் வேஷம் கட்டி மேடையிலிருந்து விழுந்த கதை. சிலதுக்குச் சிரிப்பார். சிலதுக்கு, “இத போன புதன்கிழமையே சொல்லிட்டேளே” என்பார். என் கதைகளுக்கும் அவரிடம் பதிவு இருந்தது.

நான் தங்கியிருந்தது ஆரியசாலையில், ஒரு வெங்காய மண்டிக்கு மேலே, எட்டுப் பேர் படுக்கிற ஒரே அறையில். அங்கிருந்து அவர் தெரு நடக்கிற தூரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். ஒரு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், ஒரு கேரட். கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள், மூட்டை கணக்கில் வியாபாரம் பண்ணுகிறவர். “ஒத்தைக் கத்திரிக்காய நான் எந்தத் தராசுல வெச்சி நிறுக்கம்மா?” என்றார். அக்கா ரொம்ப அக்கறையாக யோசித்துவிட்டு, “ரெண்டா வாங்கினா ஒண்ணு வாடிப்போறது” என்றார். நான் மறைந்துகொண்டேன். ஏன் மறைந்தேன் என்று தெரியவில்லை. ஆபீசில் மூன்று மணிக்குப் பார்க்கும்போது அது அவர்களெல்லாம் சேர்ந்து உண்டாக்கின தனிமை என்று நினைத்திருந்தேன். இங்கே பார்த்தால் அது வீட்டிலும் இருந்தது.

அவரிடமே ஒரு தடவை கேட்டதும் உண்டு. அந்தக் கேள்வியெல்லாம் கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. “அக்கா, பேசாம எட்டுன்னு போட்டுத் தொலைச்சா என்ன? ஒரே வாரத்துல ஒங்களயும் சேத்துக்கிடுவாங்கள்லா?” என்று கேட்டேன்.

அவர் டப்பாவை மூடினார். “நான் வந்து உக்காந்திருந்த நேரமாக்கும் அது. அத இல்லேன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எங்க இருந்தேன்?”

எனக்கு விளங்கவில்லை. மேஜையைத் துடைத்தேன். எது விளங்காவிட்டாலும் நான் மேஜையைத் துடைப்பேன். அந்த மாடியில் மேஜைகள் பளபளவென்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அக்காவை விடச் சின்னவர், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தவர். அவரும் பன்னிரண்டு மணி நேரம் இருந்துவிட்டு எட்டு என்றுதான் எழுதினார். ஒருநாள் பான்ட்ரியிலேயே வைத்து அக்காவிடம் பேசினார். மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். சேச்சி, இதே வேலையை மற்றவர்கள் எட்டு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். நீங்கள் பதினொன்று எடுக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் மெதுவான ஆள் என்றுதான் சிஸ்டம் சொல்லும். மூன்று வருஷமாக உங்களுக்குச் சம்பளம் ஏறாததற்கு நான் காரணம் இல்லை, உங்கள் மணி கூடிப்போனதுதான் காரணம். இந்தத் தடவை கடைசி ரேங்க் போட்டிருக்கிறார்கள். இனி என் கையில் இல்லை.

அக்கா, “அவாளும் பதினொண்ணுதான் எடுக்கறா” என்றார், தமிழிலேயே. மேனேஜருக்குப் புரிந்திருக்கும். போய்விட்டார்.

கடைசி ரேங்க் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அக்கா எனக்குச் சொன்னார். இரண்டு மாதம் தவணை கொடுப்பார்கள். அதற்குள் வேகமான ஆளாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் பேப்பர் போடச் சொல்வார்கள். பேப்பர் போடுவது என்றால் தானே ராஜினாமா எழுதிக் கொடுப்பது. அக்கா அதை எதிர்த்து மனுக் கொடுத்திருந்தார். வாசலில் கார்டு தேய்த்து உள்ளே வருகிற கேட் இருக்கிறது, அது பொய் சொல்லாது. என் மூன்று மாதத்து டைம்ஷீட்டையும் கேட் கணக்கையும் ஒத்துப் பாருங்கள், நான் எழுதினது நிமிடம் பிசகாமல் இருக்கும். இருந்தால் மற்றவர்களுடையதையும் பாருங்கள். இதுதான் மனு. விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள்.

இதையெல்லாம் அவர் சொன்னார். நான் காதில் வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்று. மணி கூடிப்போனதுதான் காரணம்.

இந்த இடத்தில் எங்கள் பிளாஸ்டிக் கவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, காண்டிராக்ட். அந்தக் கட்டடத்தில் பான்ட்ரி, கூட்டுகிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள் என்று பன்னிரண்டு பேர். காலை எட்டு மணிக்கு வருவோம். சரியாக நாலு மணிக்கு சூப்பர்வைசர் எங்கள் பன்னிரண்டு பேர் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாங்கிக்கொண்டு, பின்பக்கம் சரக்கு வருகிற சர்வீஸ் கேட்டில் ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். மிஷின் கணக்கில் நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். ஆள் மட்டும் எட்டு மணி வரைக்கும் வேலை பார்ப்போம். சட்டப்படி எட்டு மணி நேரம். கூட நாலு மணி நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. இதைத் தப்பு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. சூப்பர்வைசர் மறந்துபோனால் நாங்களே, “சாரே, கார்டு” என்று ஞாபகப்படுத்துவோம். மணி கூடினால் காண்டிராக்ட்காரர் ஆளை மாற்றுவார் என்று எங்களுக்குத் தெரியும். ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் தேய்த்துக் கொடுப்பது எங்களுக்குள் பெரிய உதவி.

கமிட்டி போட்ட பிறகு வந்த செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் நெடுமங்காட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கவரை என்னிடம் கொடுத்திருந்தார், நான்தான் சீனியர். ஒரு நாள் சூப்பர்வைசர். காலையிலிருந்தே நடையை மாற்றிவிட்டேன். மூன்றரை மணிக்கு அக்கா டப்பாவைக் கழுவ வந்து, கார்டு நனையாமலிருக்கக் கழற்றி சிங்க் மேலே வைத்தார். போன் வந்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். நாலு மணிக்கு நான் கார்டுகளை வாங்கும்போது அது கண்ணில் பட்டது.

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. மூன்று வருஷம் சம்பளம் ஏறவில்லை, மணி கூடிப்போச்சு, மேஜையில் இடம் இல்லை. ஒரு நாளாவது குறையட்டும். பன்னிரண்டோடு பதிமூன்றாக அவர் கார்டையும் கவரில் போட்டுக்கொண்டுபோய், கடைசியாக, மரியாதையாகத் தேய்த்தேன். நாலு மணி இரண்டு நிமிடம். திரும்பி வந்து சிங்க் மேலேயே வைத்துவிட்டேன். நல்லது செய்தால் சொல்லக் கூடாது என்று சொல்லவும் இல்லை.

அன்று எட்டு மணிக்கு முன்வாசல் கேட் அக்காவை வெளியே விடவில்லை. போன ஆள் மறுபடி எப்படிப் போவது? சிவப்பு விளக்கு எரிந்தது. செக்யூரிட்டி, மிஷின் கோளாறு என்று சொல்லிச் சாவி போட்டுத் திறந்துவிட்டார்.

அடுத்த திங்கள்கிழமை மூன்று மணிக்கு அக்கா டப்பா இல்லாமல் வந்தார். கையில் பேப்பர் கட்டு. கேட் கணக்கைக் கமிட்டி அச்சடித்துக் கொடுத்திருந்தது.

“போன செவ்வாக்கிழமை என் கார்டு எங்க இருந்தது?”

நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். “நாந்தான்க்கா தேய்ச்சி வெச்சேன். ஒரு நாளாவது மணி கொறையட்டும்னு.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேப்பரில் ஒரு வரியை விரலால் தொட்டபடி இருந்தார். அப்புறம் இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். யார் சொல்லித்தர வேண்டும் என்று கவர் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். நான் வந்து ஆறு வருஷம், அதற்கு முன்னாலேயும் உண்டு என்றேன். கூடுதல் நாலு மணி நேரத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டார். மிச்சமிருக்கிற பிஸ்கட் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன்.

“மூணு மாசம் சரியா இருக்கு. இந்த ஒரு நாள்தான். நான் பத்து மணி இருவது நிமிஷம்னு எழுதியிருக்கேன். கேட் கணக்கு நாலு மணிக்கே போயிட்டேன்கறது. ஒரு நாள் பொய்யின்னா எல்லா நாளும் பொய்யாக்கும் அவாளுக்கு.”

“நான் வந்து சொல்லுதேன்க்கா. நாந்தான் தேய்ச்சேன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுதேன். என்ன செஞ்சிருவாங்க?”

“அடுத்தவா கார்டத் தேய்ச்சா அன்னிக்கே வேலை போயிடும். கவர் விஷயமும் வெளில வரும்.”

“போனாப் போவுது. சாலையில மூட்டை தூக்குனா சோறு கெடைக்காதா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒங்காத்துல எத்தனை பேர்?”

பொண்டாட்டி, ரெண்டு பெண் பிள்ளைகள், அம்மா என்றேன்.

“வியாழக்கிழமை பதினொண்ணரைக்கு. நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மலையாளத்தில் பேசிப் பார்த்தேன். கார்டு பஞ்ச் செய்தது ஞானாணு, அதாவது தேய்த்தது நான்தான். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போன் போட்டுப் பொண்டாட்டியிடம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். “நீரு சொன்னா அந்தம்மாவுக்கு வேல நிக்கும். ஒமக்கு?” என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை சூப்பர்வைசர் எங்கள் பன்னிரண்டு பேரையும் குப்பை அறை பக்கத்தில் கூப்பிட்டு, மேலே ஏதோ விசாரணை நடக்கிறது, எவனாவது கவரைப் பற்றி வாயைத் திறந்தால் கவரோடு எல்லோரும் வெளியே என்றார். கக்கூஸ் கழுவுகிற மார்த்தாண்டத்து அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் மகனுக்கு அந்த மாதம்தான் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது.

எட்டு என்று எழுதாத அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. வலியசாலைத் தெருவுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை கதவு சாத்தியிருந்தது, வாசலில் கோலம் இருந்தது, தட்டாமல் வந்துவிட்டேன். இரண்டாவது தடவை பூட்டு. எதிர்வீட்டு மாமி, கோயமுத்தூரோ பெங்களூரோ, வேலை கிடைத்துப் போய்விட்டாள், யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை என்றார். நீ யாரு என்று கேட்டார். ஆபீசில் கூட வேலை பார்த்தவன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். மூன்று மணிக்குப் பான்ட்ரியில் யாரும் வருவதில்லை. மிஷினோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அது என் கதைகளை முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்கிறது. இந்த அக்கா கதையையும் அறையில் எல்லோருக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்காய், கேக், கயிறு இழுத்தது, நான் ஒரு நாள் சூப்பர்வைசரானது. கேட் கதவு அவரை வெளியே விடாத இடத்தில் நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சிரிக்க ஒன்றும் இல்லை.

அந்த வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஐந்தாவது மாடி மீட்டிங் அறைக்கு நாலு டீ சொன்னார்கள். நான் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டு, வெள்ளைக் கப்புகளாக எடுத்து, ஃபிளாஸ்கில் டீயோடு லிஃப்டில் ஏறினேன். லிஃப்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

உள்ளே ஹெச்.ஆர். மேடம், மேனேஜர், வேறு கட்டடத்திலிருந்து வந்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். எதிரே அக்கா, ஃபைலோடு. மேஜையில் அந்தக் கேட் பேப்பர் கிடந்தது, ஒரு வரி மட்டும் மஞ்சளாக அடித்திருந்தது. நான் நுழையும்போது பெரியவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற எல்லா நாளும் ஒத்துப்போகிறது, அதை ஒப்புக்கொள்கிறோம். இந்த ஒரு நாள், நாலு மணி இரண்டு நிமிடம், அதுவும் சர்வீஸ் கேட். அந்த வழியாக ஆபீஸ் ஸ்டாஃப் யாரும் போவதில்லை. நீங்கள் போனீர்களா, இல்லை வேறு யாராவது உங்கள் கார்டை எடுத்தார்களா? எடுத்திருந்தால் சொல்லுங்கள், கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம்.

அக்கா ஃபைலைப் பிரித்து வைத்தார்.

நான் முதல் கப்பைப் பெரியவர் முன்னால் வைத்தேன். இரண்டாவதை ஹெச்.ஆர். மேடத்துக்கு வைத்தேன். மேஜையைச் சுற்றி வரும்போது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. பால் தீர்ந்த அன்றைக்கு டீக்காக நின்றுகொண்டு பார்த்தாரே, அது மாதிரி. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிற பார்வை. நான் மேனேஜருக்கு டீ ஊற்றினேன். சர்க்கரை பாக்கெட்டுகளை நேராக அடுக்கினேன். வாய்க்குள் மலையாளம் தயாராக இருந்தது. ஸ்பூனை எடுத்து வைத்தேன். இன்னொரு ஸ்பூனையும் எடுத்து வைத்தேன்.

“நான்தான் போனேன்” என்று அக்கா மலையாளத்தில் சொன்னார். அன்று நாலு மணிக்கு வெளியே போய்விட்டு, ராத்திரி பையை எடுக்கக் கார்டு தேய்க்காமல் யார் பின்னாலோ உள்ளே வந்ததாகவும், டைம்ஷீட்டில் தவறாக எழுதிவிட்டதாகவும் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. பழக்கமில்லாததால் அவருக்கு அது சரியாக வரவில்லை. கேட்ட எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பெரியவருக்கும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். சர்வீஸ் கேட் பக்கம் எப்போதும் யார் இருப்பார்கள் என்று கேட்டார். ஹெச்.ஆர். மேடம் என்னைக் காட்டினார். பான்ட்ரி ஆள், அந்த வழியாகத்தான் போக வர இருப்பார்.

“சேட்டா,” என்றார் பெரியவர், ரொம்ப மரியாதையாக. “அந்தச் செவ்வாய்க்கிழமை இந்த மேடம் அந்த வழியா வெளியே போறதைக் கண்டோ?”

அறையில் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். அக்கா ஃபைலை மூடி அதன் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கண்டு” என்றேன்.

பார்த்தேன் என்று அர்த்தம். மற்ற பதினொரு பேரை நினைத்துத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தில் ஒருவரையும் நினைக்கவில்லை. ஃபிளாஸ்கில் நாலாவது கப்புக்கு டீ மிச்சம் இருந்தது. அதை ஊற்றி அக்கா முன்னால் வைத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.